மணிக்காரரின் சத்தம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். இவன் கடிதம் போடுகிறானே, வானம் இடிந்து விழப்போகிறதா என்று நீ அத்தானிடம் கேட்பது இங்கேயே தெரிகிறது. என்ன செய்ய, எங்கள் வீட்டு டெலிபோன் சரியில்லை. போன தடவை நீ பேசியது தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பாதிக்கு உம் கொட்டியே சமாளித்தேன். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான சார் இருக்கு" என்று போய்விட்டான். கொஞ்ச நாளைக்கு எழுத்திலேயே பேசிக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மணிக்காரர் மேடையை விட்டு ஒதுங்குகிறாராம். "இது பேஸ் கிட்டாரா, யாரோ உள்ளே உட்காந்து மணி அடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி நீ வைத்த பேர்தானே அது? அவர் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். குழுவை நடத்துகிற ட்ரம்மர் அம்மா ஒரு சாயங்காலம் நாங்கள் வாசிக்கிற ஹோட்டலுக்கு வந்து, ஓரமாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. ஜூன் மாதம் வாசித்துக் காட்ட மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்கு வாசித்தவன் அக்கா நான். இப்படி ஒன்று இனி வராது.

விரல் இருக்கிறது. பாட்டெல்லாம் மனப்பாடம். அவருடைய அந்தச் சத்தம்தான் என் கையில் வரமாட்டேன் என்கிறது. அந்தக் கணீர். என்ன கம்பி போடுகிறார் அவர்? பட்டறையில் நாள் முழுக்க ரிப்பேர் கிட்டாரோடு மல்லுக்கட்டுகிறவள் நீ, உனக்குத் தெரியாமல் போகாது. பார்த்து அனுப்பு.

உன் மருமகள் வாலு நன்றாகப் படிக்கிறாள். வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பழக்கம்தான் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரி மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தான் இரண்டு தரம் சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூக்கைத் துடைச்சிக்க, ஒழுகுது" என்றார். சந்தோஷம்டா. வேறென்ன எழுதட்டும்?

பட்டறையில் நிற்க இடமில்லை. கீழே சலவைக்கடைக்காரர் புது மெஷின் வாங்கியதிலிருந்து என் மேஜை தானாக நடக்கிறது. அத்தானுக்கு இடுப்பு வலி போகவில்லை. டாக்டர் குனியாதே என்றார். இவர் அதைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்த எதையும் எடுப்பதில்லை.

கம்பிக்கு வருகிறேன். மணிக்காரர் தன் கம்பியைப் பற்றி ஒரு பத்திரிகையில் சொல்லியிருந்தார், அதைக் கிழித்து வைத்திருக்கிறேன். தட்டைப் பட்டை சுற்றின கம்பியை அவர் தொடவே மாட்டாராம். அது வழவழவென்று இருக்கும், தொம் தொம் என்று அடங்கிப் பேசும். அவர் போடுவது உருண்டைக் கம்பி சுற்றினது. அதுவும் நிக்கல், நடுத்தரத் தடிமன். ஒவ்வொரு கச்சேரிக்கும் புதுசாக மாட்டி, மூன்று நாள் வாசித்துப் பழக்கி, முதல் கூச்சல் அடங்கின பிறகுதான் மேடை ஏறுவாராம். நிக்கலையே அனுப்பியிருக்கிறேன். பழசைக் கழற்றும்போது நாலையும் ஒரே சமயத்தில் கழற்றாதே, கிட்டார் கழுத்து வளைந்துகொள்ளும். தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாளே என்று முறைக்காதே.

வாலுவை அத்தை கேட்டதாகச் சொல். முணுமுணுத்தால் என்ன, அவள் வயதில் நீ பேசவே மாட்டாய்.

உன் அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

கம்பி வந்தது. மாட்டினேன். வாசித்தேன். செத்த கம்பி.

கோபித்துக்கொள்ளாதே. உன் சப்ளையர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைக்கிறேன். ஈரத்துணியைக் கட்டி அடிக்கிற மாதிரி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருகிய பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது. உடனே எங்கள் கீபோர்டுக்காரர், "அண்ணே, காதைக் கிழிக்குதுண்ணே" என்று முகத்தைச் சுளித்தார். அவரையும் அந்த மூன்று பேரில் ஒருவராகக் கூப்பிட்டிருந்தால் கிழித்திருக்காது.

சரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நம்மிடம் இருந்த மணிக்காரரின் பழைய இசைத்தட்டைப் போட்டேன். அதுவும் மங்கிப்போய்விட்டது அக்கா. நாம் போட்ட போட்டில் தேயாமல் இருக்குமா? கடையில் புதுப்பிரதி வாங்கினேன். அதுவும் அதே கதைதான். இப்போது வருகிற பிரதிகளில் மணியையே காணோம். எப்படித்தான் மனசு வந்து இப்படிக் கெடுக்கிறார்களோ.

ஸ்டீல் கம்பி இருந்தால் அனுப்பு. இருப்பதிலேயே பளிச்சென்று பேசுகிறது எதுவோ அது.

எங்கள் பாடகியும் இப்போது வார்த்தையை விழுங்குகிறாள். என்ன பாடுகிறாள் என்று அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

அந்த நிக்கல் கம்பி போன மாதம் வந்த சரக்கு. அதே பெட்டியிலிருந்து ஒரு கல்லூரிப் பையனுக்கு மாட்டிக் கொடுத்தேன், அவன் துள்ளிக்கொண்டு போனான். இருந்தாலும் நீ கேட்டபடி ஸ்டீல் அனுப்பியிருக்கிறேன். இதைவிடப் பளிச்சென்று பேசுகிறது எனக்குத் தெரிந்து இல்லை. விரலைக் கொஞ்சம் அறுக்கும், பார்த்துக்கொள்.

ஒன்று செய். இதை மாட்டி, நீ எப்படி வாசிப்பாயோ அப்படியே, ஆம்பையும் உன் இஷ்டத்துக்கு வைத்து, ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பு. எங்கே குறை என்று கேட்டுப் பார்த்தால்தானே சொல்ல முடியும். அந்தப் புதுப்பிரதியையும் கூட வை.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக? கடிதமே இளைத்துப்போய் வருகிறது.

உன் அக்கா

*

மார்ச் 29

அக்காவுக்கு,

கேசட்டும் இசைத்தட்டும் அனுப்பியிருக்கிறேன். ஸ்டீல் பரவாயில்லை. ட்ரெபிளை முழுக்கத் திறந்தால் மணிக்காரர் பக்கத்தில் போகிற மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு முழம் பாக்கி.

இங்கே வீட்டில் ஒரே ரகளை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? செவ்வாய்க்கிழமை வாலு பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். மழை. நான் வீட்டில்தான் இருந்தேன். வாசிக்கக்கூட இல்லை, சோபாவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் கடை முடிந்து வந்து பார்த்தால் குழந்தை படியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா உள்ளதான் இருக்காரு. பெல் அடிச்சேன், கத்தினேன். வரல" என்றாளாம். இரண்டு நாள் காய்ச்சல்.

காலிங் பெல் கெட்டுப்போயிருக்கிறது, அதற்கு நான் என்ன செய்வேன்? எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அவன் அடித்துப் பார்த்துவிட்டு, "அடிக்குதே சார்" என்கிறான். லைன்மேனுக்குத் தம்பி போலிருக்கிறது. இவள் அவனை அனுப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

ஹோட்டல் மேனேஜரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார். எல்லோருக்கும் திடீரென்று காது மென்மையாகிவிட்டது.

கேட்டுவிட்டு எழுது. நாள் ஓடுகிறது.

தம்பி

*

ஏப்ரல் 8

என் அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன். நடுவில் தூக்கிப் போட்டுவிடாமல் கடைசி வரைக்கும் படி.

உன் கேசட்டைக் கேட்டேன். வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது. சத்தம் அப்படி இல்லை. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது. என் காதுதான் கோளாறோ என்று அத்தானைக் கேட்கச் சொன்னேன். சமையலறையிலிருந்தே, "சத்தத்தைக் குறை, பல்லு கூசுது" என்றார். பிறகு நீ அனுப்பின புதுப்பிரதியைப் போட்டேன். அதில் ஒரு குறையும் இல்லையடா. மணி அப்படியே அடிக்கிறது. அன்றைக்கு நாம் கேட்ட அதே கணீர்.

குறை கம்பியில் இல்லை. சப்ளையரிடமும் இல்லை. உன் டெலிபோன், காலிங் பெல், குழந்தையின் முணுமுணுப்பு, பாடகி விழுங்குகிற வார்த்தை, எல்லாவற்றையும் வரிசையாக நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். நீ எழுதினதை நீயே ஒரு தரம் படித்துப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

அப்பாவுக்கும் காது இப்படித்தான் போக ஆரம்பித்தது. அவர் வேலை பார்த்த அச்சகத்து மெஷின்தான் காரணம் என்று வெளியே சொன்னார்கள், ஆனால் அவர் அண்ணனுக்கும் இருந்தது. நாமெல்லாம் சிரித்து ஓய்ந்த பிறகு அப்பா மட்டும் தனியாகச் சிரிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை அவர்.

ஜூனுக்கு முன்னால் காது டாக்டரைப் பார். வீட்டில் அவளிடம் சொல். அவள் பாதி கண்டுபிடித்துவிட்டாள், உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

படித்தேன். கடைசி வரைக்கும்.

தகரத்தில் ஆணி. நன்றாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு கதவு திறக்கிறது, நீ குறுக்கே அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறாய். அவர் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

ஸ்டீல் கம்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேண்டியதை நானே பார்த்துக்கொள்கிறேன். நீ சிரமப்பட வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

(கையெழுத்து இல்லை)

*

மே 4

அக்காவுக்கு,

எழுதாதே என்றதும் நீ நிஜமாகவே எழுதாமல் இருந்துவிட்டாய். எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்காதவளுக்கு இதற்கென்று புத்தி வந்தது.

டாக்டரிடம் போனேன். இவளிடம் சொல்லாமல்தான் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கேட்கிறபோதெல்லாம் அழுத்தினேன். வெளியே மெஷினை இயக்குகிற பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அழுத்த வேண்டிய இடங்கள் ஒன்றொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்று அவள் முகத்தில் தெரிந்தது.

மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டதாம். மேல் பக்கம் முழுக்கப் போய்விட்டதாம். போனது போனதுதான், வராதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார். "பெரிய மேடையா? அந்தச் சத்தத்துல இன்னும் சில வருஷம் நின்னீங்கன்னா, உங்க குழந்தை பேசறதே உங்களுக்குக் கேக்காம போயிடும்" என்றார். நான் வாலுவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகச் சொன்னார்.

இப்போது நான் கேட்பதைக் கேள். அந்த நிக்கல் கம்பியில் புதுசாக ஒரு செட் அனுப்பு. என் ஆம்ப் மாதிரிதான் உன்னிடமும் ஒன்று இருக்கிறது. எந்தக் குமிழை எங்கே வைத்தால் மணிக்காரர் சத்தம் வரும் என்று உன் காதால் கேட்டு எழுது. நான் அப்படியே வைத்து வாசிக்கிறேன். யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக இவளிடம்.

தப்பு என்று நீ சொல்வாய். தெரியும். ஒரே ஒரு தடவை அந்த இடத்தில் நின்று வாசிக்க வேண்டும் அக்கா. பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

உன் தம்பி

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

கம்பியைப் பொட்டலம் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். "அனுப்பாத. நீயே அவனைக் கிணத்துல தள்ளுற மாதிரி" என்றார் அத்தான். ஒரு பகல் முழுக்க நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

அனுப்பாமல் இருந்தால் நீ போகாமல் இருந்துவிடுவாய் என்றால் அனுப்பியே இருக்கமாட்டேன். ஆனால் நீ போவாய். கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, குமிழை முழுக்கத் திருகி, அத்தனை பேர் முன்னால் தகரத்தைக் கீறிவிட்டு வருவாய். அதற்கு நான் காரணமாக இருக்க முடியாது. உன் வாசிப்பைக் கேட்டவள் நான்.

ஆம்பில் ட்ரெபிள் பாதிக்கும் கீழே. சிவப்புப் புள்ளி வைத்து ஒரு படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். பேஸ் குமிழ் பாதி, நடுவிலிருக்கிற குமிழ் கொஞ்சம் மேலே. கம்பியை மூன்று நாள் முன்னால் மாட்டிப் பழக்கு. உன் காதுக்கு அது செத்த கம்பியாகத்தான் கேட்கும். தொடாதே. சபலப்பட்டு ஒரு நூல்கூட நகர்த்தாதே. நீ கேட்காவிட்டாலும் மணி அடித்துக்கொண்டிருக்கும், அதை நான் கேட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நானாக யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் உன் வீட்டுக்காரி என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல என்னால் ஆகாது. அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

நீ ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன், ஜெயித்துவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று தெரியவில்லை.

உன் அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன ஆயிற்று என்று தெரியாமல் நீ தவித்திருப்பாய். வேண்டுமென்றுதான் தாமதித்தேன். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போனேன். மாதப் பிறப்பிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பழைய கிடங்கை ஒத்திகை இடமாக்கி வைத்திருக்கிறார்கள். உன் படத்தில் இருந்தபடியே குமிழ்களை வைத்தேன். முதல் ஸ்வரத்தை அடித்ததும் கை தானாகவே ட்ரெபிள் பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். என் காதுக்குச் செத்த சத்தம்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு ரோடு தாண்டுகிற மாதிரி வாசித்தேன். மூன்று பாட்டு. இரண்டாவது பாட்டின் நடுவில் ட்ரம்மர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, நன்றாகவே கேட்கும்படி, "இந்தச் சத்தத்தைத்தாங்க தேடிக்கிட்டு இருந்தோம். நீங்கதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன் அக்கா. அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணிக்காரரும் வந்திருந்தார். சுவரோரம் ஒரு நாற்காலியில். பக்கத்தில் அவர் மனைவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். நான் போய்க் கும்பிட்டு, சின்ன வயதிலிருந்து உங்கள் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என்னையே பார்த்தார். மறுபடி சொன்னேன். கையைக் காதோரம் குவித்தார். எனக்கும் பதற்றத்தில் அவர் சொன்னது பிடிபடவில்லை. "என்னங்க?" என்று நான் கேட்க, "என்ன?" என்று அவர் கேட்க, இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாராவது தூரத்திலிருந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவர் மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம், "அவருக்குக் காது சுத்தமா போயி ரொம்ப வருஷம் ஆச்சு தம்பி. விரல் ஞாபகத்துலயே ஓட்டிட்டாரு. இப்ப பாட்டு எப்ப முடியுதுன்னே தெரியல, அதான் விட்டுட்டாரு" என்றார். மணிக்காரர் மனைவியின் தோளைத் தட்டி, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். அந்த அம்மா, "ஒண்ணுமில்ல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சலிப்புக்கூட இல்லை. அவ்வளவு பழகிப்போன வார்த்தையாக இருந்தது. அவரும் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் அவரிடம் சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

வீட்டுக்கு வந்தேன். வாலு ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். என்னம்மா என்றேன். சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டதும், "ஒண்ணுமில்லப்பா" என்று உள்ளே போய்விட்டாள். போனவளைத் தடுத்து நிறுத்தி, தரையில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகச் சொல்லச் சொன்னேன். அவள் வகுப்பில் யாரோ பென்சிலை விழுங்கிவிட்டானாம். முழுப் பென்சிலும் இல்லையாம், பின்னாலிருக்கிற ரப்பர் மட்டும். அவ்வளவுதான் சங்கதி.

அன்றைக்குத்தான் இவளிடம் சொன்னேன். "எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். பிறகு ரொம்ப நேரம் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ட்ரம்மர் அம்மாவுக்குப் போன் பண்ணி முடியாது என்று இவளைச் சொல்லவைத்தேன். இரண்டாவதாக வந்த பையனை எடுத்திருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் நிகழ்ச்சி ரேடியோவில் வந்தது. அவன் சத்தம் எப்படி இருக்கிறது என்று இவளைக் கேட்டேன். "உங்க அளவுக்கு இல்ல" என்றாள். பொய்யோ நிஜமோ, கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.

நல்ல முடிவு எடுத்தாய் என்று மட்டும் எழுதிவிடாதே. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கிடங்குதான் ஞாபகம் வருகிறது. ஹோட்டலுக்குப் போகிறேன், காதில் டாக்டர் கொடுத்த அடைப்பானை வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். குமிழைத் திருகுவது இப்போது கீபோர்டுக்காரர் வேலை. அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அண்ணே, முன்னாடியே சொல்லக் கூடாதா, உங்களை என்னென்னமோ திட்டிட்டேன்" என்றார். என் முகத்துக்கு நேராகத்தான் திட்டியிருப்பார் போலிருக்கிறது. காதில் ஒன்றும் விழவில்லை.

அப்பாவைப் பற்றி நீ எழுதினதை இன்னும் என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு முடிந்தால் இரண்டு பேரும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். எழுதி எழுதி என் கை வலிக்கிறது. பேச வேண்டும். வந்தால் என் வலது பக்கம் உட்கார். அந்தக் காது இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

உன் தம்பி